ஏழு தடவை திருத்திய கதை

போன வருஷம் ஆடி மாதம், திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கும் ஒரு சின்னக் கடையில் நடந்தது இது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வையம்பட்டியிலிருந்து வெறும் கையோடு வந்து காட்டூரில் வெல்டிங் பட்டறை போட்டவன். அந்தப் பக்கம் பாதி வீட்டு இரும்பு கேட் என் கை பட்டதுதான். ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு. இத்தனை செய்தவனுக்கு ஒரு கதை எழுத வராதா என்று, ஒரு வார இதழின் சிறுகதைப் போட்டிக்கு உட்கார்ந்தேன். எனக்கும் என் தம்பிக்கும் நடந்ததைத்தான் கதையாக்கினேன். அவன் என்னோடு பேசி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

முதல் தடவை ஒரே மூச்சில் வந்தது. தொழில் கற்க வந்த தம்பி, கம்பியை அளவு தப்பாக வெட்டிவிடுகிறான். அண்ணன் எல்லார் முன்னாலும் "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு, ஊருக்குப் போடா" என்று அவன் பையைத் தெருவில் வீசுகிறான். அப்படியே நடந்ததுதான். படித்துப் பார்த்தபோது உறுத்தியது. வீசினான் என்பதைக் கொடுத்தான் என்று மாற்றினேன். அடுத்த தடவை திட்டை எடுத்தேன். அதற்கடுத்து அண்ணன் இட்லி வாங்கிக் கொடுத்தான், பஸ் ஏற்றிவிட்டான், கண் கலங்கினான். நாள் முழுக்க வெல்டிங் அடித்தாலும் அப்படி அலுத்ததில்லை, ஒரு பக்கம் திருத்துவதற்குள் தோள் விட்டுப்போகும். ஆனாலும் ஏழாவது தடவை பிரமாதமாக வந்துவிட்டது என்றுதான் கொண்டுபோனேன்.

ஏழு தடவையும் டைப் அடித்தது ஒரே பெண்தான். அன்று பாதியில் விரலை நிறுத்தினார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? இந்த அண்ணன் இவ்வளவு தங்கமானவரா இருக்காரு. அப்புறம் தம்பி ஏன் இருபது வருஷமா மூஞ்சில முழிக்க மாட்டேங்குறான்?"

"அவனுக்குத் திமிரும்மா."

"முதல்ல நீங்க கொண்டாந்த கதையில அவனுக்குத் திமிர் இல்லீங்களே. அடிச்சு முடிச்சிட்டு நான் அழுதுட்டேன்."

என்னை யாரும் அப்படி மடக்கியதில்லை. பிறகு அந்த முதல் கதையையே பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னேன். போட்டிக்கு அனுப்பவில்லை. தம்பிக்குத் தபாலில் போட்டேன்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. தம்பிதான்.

"அண்ணே, படிச்சேன். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. ஒண்ணுதான் விட்டுப்போச்சு. நான் அன்னிக்கே ஊருக்குப் போகல. மூணு நாள் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தேன், நீ தேடிக்கிட்டு வருவன்னு. அதையும் சேத்துக்க."

சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால், அந்த மூன்று நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே ஞாபகத்துக்கு வரவில்லை. இத்தனை வருஷம் உழைத்த களைப்பைவிட அந்த மறதிதான் இப்போது என்னை அதிகம் அழுத்துகிறது.