உண்ணிக்குப் பயப்படாத ரிம்வீடாஸ்

பெலாரஸ் எல்லையை ஒட்டிய வரேனா காடுகளில் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன் ரிம்வீடாஸ். ஆயுசில் பாதியைக் காட்டிலேயே கழித்தவனை ஓர் உண்ணி என்ன செய்துவிடும் என்பது அவன் கட்சி. உண்ணி பெருகும் மே பிறந்தால் போதும், அரைக்கால் சட்டையும் செருப்புமாகப் புல்லுக்குள் இறங்கிவிடுவான். மனைவி டாங்குவோலே பேன்ட் நுனியைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டு வந்தால் அவனுக்குச் சிரிப்பு தாங்காது.

"என்னடி, நிலாவுக்குக் கிளம்பிட்டியா?"

"நீயும் தடுப்பூசி போட்டுக்கோ. உண்ணி கடிச்சு மூளைக்காய்ச்சல் வந்தா இந்த வாய் இருக்காது."

"என் ரத்தத்துல பாதி பூண்டு, பாதி வோட்கா. கடிக்கிற உண்ணிதான் சாகும்."

இந்த மேதாவித்தனத்தை நீராவிக் குளியலில் நண்பர்களிடமும் சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தான். தட்டியவர்கள் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அதை மட்டும் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

ஒரு ஜூனில், காட்டு ஸ்ட்ராபெரி பறித்துத் திரும்பிய மாலை, அவன் முழங்கால் மடிப்பில் உண்ணி ஒட்டியிருந்தது. டாங்குவோலே இடுக்கி எடுத்து வருவதற்குள் அதன்மேல் எண்ணெயை ஊற்றி, நகத்தால் நசுக்கிப் பிய்த்தெறிந்தான்.

"பாத்தியா, இவ்வளவுதான் உன் உண்ணி!"

சில நாளில் காய்ச்சல் வந்தது. சளிக்காய்ச்சல் என்றான். அது விட்டதும் மார்தட்டினான். பிறகு அதே காய்ச்சல் திரும்பி வந்து ஆளையே சாய்த்துவிட்டது. தலை வெடிக்கிறதென்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெற்ற மகளின் பெயர்கூட வாயில் வரவில்லை. ஆம்புலன்சில் அவன் கையைப் பிடித்தபடி போன டாங்குவோலேவுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். இந்தத் தடியனுக்காக அழ வேண்டியிருக்கிறதே!

பிழைத்துக்கொண்டான். வலது கையை மட்டும் தோளுக்கு மேல் தூக்க வராது. லாரி போயிற்று. இனியாவது திருந்துவான் என்று நினைத்தவர்களுக்கு ரிம்வீடாஸைத் தெரியாது.

இப்போது அவள் பறித்து வரும் காளானைச் சாலையோரம் நாற்காலி போட்டு விற்கிறான். கார் நிறுத்துகிறவர்களிடமெல்லாம் இடது கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறான்:

"நம்ம ஊரு உண்ணியா இருந்தா என்கிட்ட செத்திருக்கும். இது வேற ரகம். பெலாரஸ்லேருந்து வந்தது."

"பாஸ்போர்ட்டப் பாத்தியா?" என்பாள் டாங்குவோலே, கூடையை இறக்கியபடி.

அவனோ அடுத்த கார் வரட்டும் என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஊரில்தான் அவனை நம்ப யாரும் மிச்சமில்லை.