கடைசியில் நின்ற 'அப்'

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவருக்கு வீட்டில் 'ஜெர்மன்காரர்' என்று பேர். முப்பத்தெட்டு வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்து, முதல் வருஷத்தைத் தாண்டி, இரண்டாம் வருஷ ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தார். தாண்டிய லட்சணம் அவருக்கும் பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணுக்கும்தான் தெரியும். பரீட்சையில் அவள் விடைத்தாளைக் கொஞ்சம் சாய்த்து வைப்பாள். இவர் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பும். இவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள். வெட்கக்கேடு!

வீட்டிலோ வாய்க்குக் குறைச்சலில்லை. தங்கை டீ கொடுத்தால் 'டாங்கே', அவள் மகள் தும்மினால் 'கெசுண்ட்ஹைட்'.

தங்கையின் கணவர் வெல்டர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க வரும் ஒரு ஜெர்மன் கம்பெனி, ஊரில் ஒரு ஹோட்டலில் அவருக்கு நேர்காணல் வைத்திருந்தது. ஏப்ரல் கடைசியில் அவர்களிடமிருந்து ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் வந்தது.

"போன்ல போட்டோ எடுத்தா அதுவே மொழிபெயர்த்துக் குடுக்குமாமே மச்சான்?"

"அது உளறும் மாப்ள. நான் எதுக்கு இருக்கேன்?"

கடிதத்தில் தேதி இருந்தது, மணி இருந்தது. 'ஸாகன்' என்றால் சொல்கிறோம். வாக்கியத்தின் கடைசியில் 'அப்' என்று ஒரு பொடி வார்த்தை. அது எதற்கு நிற்கிறது என்று புரியவில்லை, விட்டுவிட்டார்.

"மே பன்னெண்டு, காலைல பத்து மணின்னு சொல்றாங்க. மிச்சமெல்லாம் மரியாதைக்கு எழுதுறது."

பட்டறையில் ஃபோர்மேன் லீவு தர மாட்டேன் என்றார். மாப்பிள்ளைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, மே எட்டாம் தேதி வேலையையே விட்டுவிட்டார். பன்னிரண்டாம் தேதி இஸ்திரி போட்ட சட்டையோடு போனால், ஹோட்டலில் அந்த அறை பூட்டிக் கிடந்தது.

"ஏமாத்திட்டானுங்க மச்சான்," என்று சாயங்காலம் கடிதத்தை மேஜையில் போட்டார். "உறைக்கிற மாதிரி நாலு வரி அவங்க பாஷையிலயே எழுதுங்க."

பதில் எழுத அகராதியைப் பிரித்தவர், கடிதத்தை மறுபடி பார்த்தார். இந்த மொழியில் சில வினைச்சொற்கள் இரண்டாக உடையும். ஒரு துண்டு முன்னால், இன்னொன்று வாக்கியத்தின் கோடியில். அந்தப் பாடத்தைத்தான் பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுத் தாளிலிருந்து அப்படியே பார்த்து எழுதியிருந்தார். 'ஸாகன்', கோடியில் 'அப்'. சேர்த்தால் 'ரத்து செய்கிறோம்'.

காது வரைக்கும் சுட்டது. அடுத்த வரியிலும் ஒரு வினைச்சொல் அதேபோல் உடைந்து கிடந்தது. அதையும் சேர்த்துப் படித்தார். படிக்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

"அவங்க மேல தப்பில்ல மாப்ள. ரத்துன்னுதான் எழுதியிருக்காங்க. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன்."

"அடப்பாவி அண்ணா!" என்று தங்கை தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளை அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, "விடுங்க மச்சான்," என்றார். "நீங்க சரியாப் படிச்சிருந்தாலும் ரத்து ரத்துதானே? பட்டறை வேலை போனதுக்கு என் ரோஷம்தான் காரணம். நாளைக்கு ஃபோர்மேன் கையில கால்ல விழுந்து பாக்கறேன்."

மன்னித்தேவிட்டார், மகராசன். கடிதத்தை மடித்து உள்ளே வைத்தால் முடிந்தது கதை. அந்த வீட்டில் வேறு யாருக்கும் ஜெர்மன் தெரியாது. ஜெர்மன்காரர் மடிக்கவும் மடித்தார். ஆனால் எதிரே அந்த மனுஷன், தன்னைத் தேற்றுகிற முகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. மறுபடி பிரித்தார்.

"மாப்ள, கீழ இன்னொரு வரி இருக்கு."

"என்னது?"

"வேற தேதி தர்றோம், பத்தாம் தேதிக்குள்ள போன் பண்ணுங்கன்னு. நம்பரும் குடுத்திருக்காங்க."

மாப்பிள்ளை கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"பத்தாம் தேதியா?" என்றார் அவர் மெதுவாக. "அன்னைக்கு நான் சும்மாதான் இருந்தேன் மச்சான். நாள் பூரா போன் கையிலதான் இருந்துச்சு."