தரை தொடாத சக்கரம்

ஐந்து கிலோ மணல் மூட்டையைக் குழந்தைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, வாரை மாட்டி, "இப்ப தள்ளிப் பாருங்கம்மா. வெறும் வண்டின்னா எல்லாமே நல்லாத்தான் ஓடும்" என்கிறார் விற்பனைக்காரர். மூட்டைக்குக் குல்லா வேறு! குழந்தைகள் சாமான் விற்கும் கடையில் இருபது வருஷமாக இதே வேலை. கடையில் எல்லாருக்கும் அவர் 'வண்டிக்காரர்'.

ஒற்றைக் கையால் மடங்குமா, இருக்கை அம்மா பக்கம் திரும்புமா, கொசுவலை, மழை உறை, பால்புட்டி வைக்க இடம் எல்லாம் உண்டா என்று கேட்பவர்களிடம் அவர் வாய் சும்மா இருக்காது. "எல்லாம் இருக்கு சார். அழுதா சமாதானம் பண்றது மட்டும் உங்க வேலை." மடிக்கத் தெரியாமல் விரலை நசுக்கிக்கொள்ளும் அப்பாக்களுக்காகச் சட்டைப் பையில் எப்போதும் பிளாஸ்திரி இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் மனுஷன் பச்சைப் பொய்யர். திருப்பிக் கொடுக்கும் வண்டிக்கு ஒரு தாள் எழுத வேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். தனியாக வந்து, முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவர்களுக்கு மட்டும் அவரே 'சக்கரத்தில் சத்தம்' என்று எழுதிவிடுவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்: "உன் காதுக்கு மட்டும் எப்படிய்யா கேக்குது?"

கேட்கும். இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் அவருக்கும் ஒரு மகள் பிறந்தாள், மூச்சில்லாமல். ஆசையாக முன்கூட்டியே வாங்கிய வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கல்லாவில் இருந்த பெண், "வண்டியில என்ன சார் குறை?" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். அவர் வண்டியோடு வெளியே வந்துவிட்டார். வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடுவரை நடந்தார். அது இன்னும் பரணில்தான் இருக்கிறது. அவரும் மனைவியும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நேற்று ஓர் இளைஞன் வந்தான். போன மாதம் மனைவியோடு வந்து, இரண்டு மணி நேரம் அலசி ஆராய்ந்து, இருப்பதிலேயே எல்லா வசதியும் உள்ள வண்டியாக எடுத்துப் போனவன். பெட்டியில் ஒட்டிய டேப்கூடப் பிரியவில்லை.

"அண்ணே, இது... குழந்தை..."

"சக்கரம் சத்தம் போடுதா தம்பி?"

அவன் விழித்தான். "பெட்டியையே பிரிக்கலண்ணே."

"போடுது. எனக்குக் கேக்குது. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், கையெழுத்து மட்டும் போடுங்க."

பேனாவை வாங்கியவன் அப்படியே நின்றான். "வீட்ல அவ நாள் முழுக்க இந்தப் பெட்டி எதிர்லயே உக்காந்திருக்காண்ணே. நகர மாட்டேங்கறா."

"இனிமே அது இங்க இருக்கட்டும். நீங்க போய்ப் பக்கத்துல உக்காருங்க."

அவன் போன பிறகு, முதலாளி சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வண்டிக்காரர் பெட்டியைப் பிரித்தார். வண்டியை விரித்துக் கவிழ்த்தார். எண்ணெய்க் குப்பியை எடுத்து, இன்னும் தரையே தொடாத அந்த நான்கு சக்கரங்களுக்கும் இரண்டிரண்டு சொட்டு விட்டார்.