டெட் வீலும் அரைப்பெடலும்

நல்லா ஓடிக்கிட்டிருக்கற சைக்கிள் ஒண்ண ரெண்டா அறுத்துப் பாத்திருக்கீங்களா? நான் அறுத்தேன். காலேஜ் ரெண்டாவது வருசம், சேலத்துல, ஹாஸ்டல் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு. வாடகை சைக்கிள் இல்லீங்க, என்னோட சொந்த சைக்கிள்தான், பயப்படாதீங்க. ஃப்ரேமுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்னு ஒரு வெறி. ஒண்ணும் இல்ல. வெறுங் காத்து. அரிசி மூட்டை, பொண்டாட்டி, புள்ள எல்லாத்தையும் தாங்குறது ஒரு காத்தடைச்ச குழாய்தான்னு தெரிஞ்சதும் மத்த பசங்க அவங்கவங்க ரூமுக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் அதயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்படிப் புடிச்சுது பைத்தியம். லீவுக்கு ஊருக்குப் போறப்ப எல்லாம் நேரா திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டி செய்யற ஒரு பட்டறைக்குப் போயிருவேன். அங்க கேஸ் வெல்டிங் அடிக்கறவன் எங்கூட எட்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. முறையில ஒண்ணும் இல்ல, ஆனா ஒருத்தர ஒருத்தர் மாப்ளன்னுதான் கூப்புட்டுக்குவோம். பழைய இரும்புக் கடையில கெடைக்கற உடைஞ்ச சைக்கிள்ல இருந்து குழாய அறுத்து எடுத்து, முக்குக்கு முக்கு அராவி, வெங்காரம் போட்டு, பித்தளை உருக்கி ஒட்டுவோம். ஒட்டுனதும் முன்குழாயில இருந்து பின்சக்கரம் மாட்டற காது வரைக்கும் பாவு நூல் கட்டி, ரெண்டு பக்கமும் ஒரே எடைவெளி இருக்கான்னு பாக்கணும். நூல் ஒரு பக்கமா ஒதுங்குச்சுன்னா ஃப்ரேமு கோணல். எங்க மொத ஃப்ரேமு வாழைக்காய் மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது நேரா இருந்துச்சு, ஆனா மாப்ள ரிக் வண்டிக்குப் போடற மாதிரி ஒவ்வொரு மூலைக்கும் பிளேட்டு வச்சு அடிச்சுட்டான்.

“தூக்கிப் பாரு மாப்ள,” ன்னான்.

“இதத் தூக்கறதுக்குக் கிரேன் வேணும்டா. இதுக்கு ஆர்.சி. புக்கு எங்க வாங்கறது?”

“உடையாதுல்ல?”

“உடையாது. ஓடவும் ஓடாது.”

சும்மா ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான். யாருக்கும் பிரயோசனம் இல்ல.

அப்புறம் அப்பா செத்துட்டாரு. நாமக்கல் லாரில டிரைவரு. நாக்பூரு தாண்டி எங்கியோ, நின்னுக்கிட்டிருந்த வண்டியில போய் இடிச்சுட்டாருன்னு தகவல். எனக்கு அப்ப கடைசி வருச பரீட்சை. ஊட்டுக்கு வந்தேன். ஆளுங்க நின்னாங்க. என்னைய எங்க நிக்கச் சொன்னாங்களோ அங்க நின்னேன். அழுகை வரும் வரும்னு பாத்தேன், வரல. பசிச்சுது. சுடுகாட்டுல இருந்து வந்து குளிச்சுட்டு மூணு வட்டல் சோறு தின்னேன், ருசி தெரியல, வயிறு ரொம்புனதும் தெரியல. லாரிக்காரங்க அப்பாவோட படுக்கை, தூக்குப்போசி, வண்டியில லோடு மூடற பழைய படுதா இத்தனையும் கொண்டாந்து முன்வாசல்ல வச்சுட்டுப் போனாங்க. அது ரொம்ப நாளு அங்கியே கெடந்துச்சு. நாங்க அதச் சுத்தி நடந்தோம்.

டிகிரி பாஸ். பி.எஸ்சி. ஃபிசிக்ஸ். ஊட்ல உக்காந்து செவுத்தப் பாத்தேன்.

அக்காவுக்கு சத்துணவு மையத்துல அமைப்பாளர் வேலை வந்துச்சு. ஆட்டையாம்பட்டிப் பக்கம் இருக்கற எங்க ஊருக்கும், மையம் இருக்கற ஊருக்கும் நடுவுல ஒரு ஏரி. காலைல அந்தப் பக்கம் பஸ் இல்ல. ஏரிக்கரை மேல நடந்தா நம்மளுக்கு ஒரு மணி நேரம். அக்காவுக்கு எடது காலு சின்னப் புள்ளையில போலியோல சூம்பிப் போச்சு. கம்பு ஊணித்தான் நடப்பா. மூணு சக்கர வண்டி வாங்கலாம்னா கரை மேல இருக்கறது ஒத்தையடிப் பாதை, அதுல போகாது. ஜூன்ல பள்ளிக்கூடம் தெறக்கறப்ப மையமும் தெறக்கணும். அரிசி பருப்பு அளந்து குடுக்க அவ தெனமும் அங்க நிக்கணும். நிக்க முடியாதுன்னா வேலை வேற ஆளுக்குப் போயிரும். அப்பா இல்லாத ஊட்டுக்கு வந்த ஒரே வேலை அது.

அம்மாவோட அண்ணன், எங்க மாமா, வந்து கட்டில்ல உக்காந்தாரு.

“ஏஞ்சாமி, எதுக்கு இந்த வம்பு? முடியாதுன்னு எழுதிக் குடுத்துரலாம். கால் முடியாத புள்ளைய ஊரு மேல உட்டுட்டு நாங்க இங்க எப்படி சோறு திங்கறது?”

“நீங்க எப்பவும் போலத் திங்கலாமுங்க மாமா,” ன்னா அக்கா.

நான் கேரியர்ல உக்கார வச்சு கொண்டுபோய் உடறேன்னேன்.

“தேங்கா மூட்டை மாதிரியா? எத்தனை வருசத்துக்கு? உனக்கு நாளைக்கே மெட்ராஸ்ல வேலை கெடைச்சா என்னைய எங்க எறக்கி வைப்ப?”

எனக்கு வேலை கெடைக்கும்னு அந்த ஊட்ல நம்புன ஒரே ஆளு அவதான்.

அடுத்த நாளே பட்டறைக்குப் போனேன். பாசமா, வேகமா, என்னன்னு கேக்காதீங்க. கை சும்மா இருந்துச்சு, அவ்வளவுதான். அக்கா காலத் தூக்காம உள்ள வைக்கற மாதிரி மேல்குழாயே இல்லாத ஃப்ரேமு. சீட்டுல உக்காந்தா வலது பாதம் முழுசாத் தரையில பதியற அளவுக்குத் தணிவு. இந்தத் தடவ பிளேட்டு வைக்கக் கூடாதுன்னு மாப்ளகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன். அவன் ஒட்ட, நான் நூல் கட்டிப் பாக்க, நூல் நேரா நின்னுச்சு. மொத தடவையா நேரா நின்னுச்சு. மாப்ள எம் மூஞ்சியப் பாத்தான்.

“சந்தோசப்படுடா,” ன்னான்.

“ம்,” ன்னேன்.

கம்பு வைக்க ஒரு பை வேணும். எறங்குன எடத்துல கம்பு இல்லைன்னா அவளால ஒரு அடி வைக்க முடியாது. படுதாவ எடுத்து விரிச்சேன். டீசல் வாசம், மண்ணு, எங்கியோ ஏத்துன வெங்காயத்தோட தோலு. கத்தரிக்கோலு எடுக்கறப்ப அம்மா வந்து நின்னுச்சு. திட்டும்னு நெனச்சேன்.

“ஓரம் இத்துப் போயிருக்கும். நடுவுல பாத்து அறு,” ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு.

அம்மாவோட தையல் மெஷின் அந்தத் துணியில ஏறல, ஊசி முறிஞ்சுச்சு. அதனால கோணி ஊசியும் மெழுகு தேச்ச நூலும் வச்சுக் கையிலயே தச்சேன். நீட்டமா ஒரு உறை, சீட்டுக்குக் கீழ இருந்து பின்னால சாஞ்சு நிக்கற மாதிரி. கேரியருக்கு ரெண்டு பக்கமும் மூடி வச்ச பை, மழையில நோட்டு நனையாம. வெரல் எல்லாம் ஊசிக் குத்து. ரத்தம் வந்ததத் துணியில பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அக்கா உறையில கம்பச் சொருகிப் பாத்தா.

“வில்லு அம்போட சண்டைக்குப் போறவளாட்டம் இருக்குது. அரிசி அளக்கப் போறேன்டா நானு.”

எல்லாம் சரி. பெரிய அறிவாளித்தனம் ஒண்ணு பண்ணுனேன் பாருங்க. ஒரு காலால மிதிச்சா பெடலு கீழ போன பின்னாடி மேல வராதில்ல? அதுக்கு டெட் வீலு. சர்க்கஸ் சைக்கிள்ல போடற மாதிரி, சக்கரம் சுத்துனா பெடலும் கூடவே சுத்தும். ஓடற வேகத்துலயே பெடலு தானா மேல வந்துரும். சூம்புன கால பெடல்ல பட்டை போட்டுக் கட்டிட்டா அதுவும் சும்மா கூடச் சுத்தும். பேப்பர்ல படம் எல்லாம் போட்டேன். ஃபிசிக்ஸ் படி நூத்துக்கு நூறு.

பள்ளிக்கூட மைதானத்துல ஓட்டிப் பாத்தோம். நான் சீட்டப் புடிச்சுக்கிட்டே ஓடுனேன். கொஞ்ச தூரம் போச்சு. கைய உட்டேன். வேகம் ஏற ஏறப் பெடலும் வேகமா சுத்துச்சு, அவ எடது காலு பட்டையில மாட்டிக்கிட்டுத் துணி பொம்மை மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. நிறுத்தவும் முடியல, கால எடுக்கவும் முடியல. வேலி முள்ளு மேல போய் உழுந்தா. நான் ஓடிப் போய்ப் பட்டைய அவுத்தேன். முழங்கை எல்லாம் ரத்தம். மாமா அந்நேரம் பாத்து ரோட்டுல நின்னுக்கிட்டிருந்தாரு. தலைய ஆட்டிட்டுப் போனாரு. சாயங்காலம் வந்து, முடியாதுன்னு எழுதற பேப்பர நாளைக்குக் கொண்டாரேன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டுப் போயிட்டாரு. அம்மா அடுப்பப் பாக்கப் போயிருச்சு.

அக்கா முழங்கைக்கு மஞ்சள் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் சைக்கிளத் தலைகீழாக் கவுத்துப் போட்டு பெடலச் சுத்திக்கிட்டிருந்தேன்.

“டேய். நீ எப்படிடா சைக்கிள் கத்துக்கிட்ட?”

“எல்லாரு மாதிரியும்தான். அப்பா சைக்கிள்ல குரங்குப் பெடலு.”

“அதான் கேக்கறேன். சீட்டுக்கு எட்டாம, கம்பிக்குள்ள கால உட்டுக்கிட்டு, டக்கு டக்குன்னு அரைப்பெடல் போட்டுக்கிட்டு ஊரையே சுத்துன. நான் இங்க உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு தடவையாச்சும் பெடலு முழுசா சுத்துச்சா?”

சுத்தல. எங்க ஊருப் பக்கம் எந்தப் பொடியனும் மொதல்ல முழுப்பெடல் போட்டதில்ல. பாதி மிதிச்சு, பெடலப் பின்னாலயே மேல கொண்டாந்து, மறுபடி பாதி மிதிக்கறது. ஃப்ரீ வீலுன்னா பின்னால சுத்தும், சக்கரம் அது பாட்டுக்கு முன்னால போகும். முழு வட்டமே வேண்டாம். நான் காலேஜுக்குப் போய் வட்டத்தப் படிச்சுட்டு வந்து அவ தலையில கட்டிட்டேன்.

“ஃபிசிக்ஸுல அரைப்பெடல் பாடம் இல்லீங்களா சார்?” ன்னு கேட்டுட்டு மஞ்சள் கையத் தொடைச்சுக்கிட்டா.

விடிஞ்சதும் பட்டறை. டெட் வீலக் கழட்டிட்டு ஃப்ரீ வீலு. எடது பக்கப் பெடலயே எடுத்துட்டோம். அந்தப் பெடல் மாட்டியிருந்த கிராங்குக் கம்பியோட நுனியில ரெண்டு லாரி வீல் நட்ட வச்சு மாப்ள ஒட்டுனான். வலது காலு மிதிச்சா அந்தக் கனம் பின்பக்கமா மேல ஏறும். மிதியத் தளர்த்துனா கனம் கீழ எறங்கி வலது பெடல மறுபடி மேல கொண்டாந்து குடுக்கும். கடைசி வரைக்கும் மிதிச்சுரக் கூடாது, கனம் உச்சியில போய் நின்னுக்கும், அது மட்டும் பாத்துக்கணும். எடது காலுக்கு முன்னால ஒரு தட்டு, வழுக்காம ஓரம் மடிச்சது. கால அதுல கையால எடுத்து வச்சுட்டா அது பாட்டுக்கு இருக்கும்.

மாமா பேப்பரோட வந்தப்ப அக்கா மைதானத்துல சுத்திக்கிட்டிருந்தா. டக்கு, டக்கு, டக்கு. மெதுவாத்தான். உழுகல. மாமா மொபெட்ட நிறுத்துனாரு.

“என்னடா இது, நொண்டிக் காக்கா தத்தற மாதிரி?”

“காக்கா ஊர் போய்ச் சேருதில்லீங்களா மாமா?” ன்னு அவளே கத்துனா.

“ஏரிக்கரை மேடு ஏறுமா?”

மாமா கேட்டு முடிக்கறதுக்குள்ள அக்கா அடுத்த சுத்துக்குத் திரும்பிட்டா.

பள்ளிக்கூடம் தெறந்த அன்னிக்குக் காலைல அவ கெளம்புனா. நான் அப்பா சைக்கிள்ல பின்னாலயே போனேன். மாமா மொபெட்ல எனக்குப் பின்னால, அவ முடியாம நின்னா ஏத்திக்கிட்டுப் போகலாம்னு. மேடு வந்துச்சு. பாதி வரைக்கும் அரைப்பெடல்லயே ஏறுனா. அதுக்கு மேல சக்கரம் நின்னுச்சு. வலது கால ஊணி நின்னா. மாமா மொபெட்ட முடுக்குனாரு. அவ திரும்பியே பாக்கல. எடது கால எடுத்துக் கீழ வச்சு, எறங்கி, கம்ப எடுக்காம சைக்கிளையே கம்பா ஊணிக்கிட்டு மிச்ச மேட்ட நடந்து ஏறுனா. கரை மேல போய் மறுபடி உக்காந்து, தண்ணி ஓரமா டக்கு டக்குன்னு போனா.

மாமா மொபெட்ட ஆஃப் பண்ணுனாரு. “சரி வா, டீ குடிக்கலாம்,” ன்னாரு.

நான் போகல. மையம் வரைக்கும் பின்னாலயே போனேன். அவ உறையில இருந்து கம்ப எடுத்து ஊணி, பூட்டத் தெறந்தா. சமையல் பண்ற அம்மா, “ஏனுங்க டீச்சரு, நீங்களேவா ஓட்டிக்கிட்டு வந்தீங்க?” ன்னுது. “ஆமாங்க”ன்னுட்டு அரிசி மூட்டையப் பிரிச்சா.

நெஞ்சுக்குள்ள ஏதாச்சும் பொங்கும்னு வாசல்ல நின்னேன். ஒண்ணும் பொங்கல. செயினுக்கு எண்ணெ வேணும்னு தோணுச்சு.

அது போன ஜூன். மாமா அந்தப் பேப்பர என்ன பண்ணுனாருன்னு தெரியல, நாங்க கேக்கல. எனக்கு இன்னும் வேலை இல்ல. அம்மா இப்ப கொஞ்சம் பேசுது.

இப்ப காலைல மணி பதினொண்ணு, மையத்துல அரிசி அளக்கற நேரம். சைக்கிள் ஊட்ல இல்ல.