ஓங்கிலுக்குக் கை தூக்கிய காலை

டொல்பினை நாங்கள் ஓங்கில் என்போம். அது மூச்சு விடும் சத்தத்தைக் கிட்ட இருந்து கேட்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. அது நித்திரை கொள்ளுமா, கொண்டால் தாழ்ந்து போகாதா என்று கரையில் இருக்கிற எல்லாரையும் குடைந்துகொண்டிருப்பேன். "அது நித்திரை கொண்டா உனக்கென்ன, கொள்ளாட்டி உனக்கென்ன?" என்பார்கள். கடற்கரையில் பிறந்தும் கடலுக்குப் போகாமல் சைக்கிள் கடை வைத்தவன் நான். என் கேள்விக்கு அவ்வளவுதான் மரியாதை.

தங்கச்சியின் புருசனோடு வலைக்குப் போகிறவர் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அகதியாகப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை நான் மச்சானோடு போனேன். சண்டைக் காலம். கடற்படை தரும் பாஸ் இல்லாமல் கடலில் கால் வைக்க ஏலாது. விடிந்தபிறகு போய், பொழுது சாயமுன்னம் திரும்ப வேண்டும். எல்லைக்கு நட்டிருந்த கொடிகளைத் தாண்டக் கூடாது. ரோந்துப் படகு வந்தால் இஞ்சினை நிறுத்தி, எழும்பி நின்று, பாஸைப் பிடித்தபடி இரண்டு கையையும் தூக்க வேண்டும். மச்சான் முன்பு ஒருமுறை கொடி தாண்டிப் பிடிபட்டு, பாஸைப் பறிகொடுத்தவர். அந்த மாரி முழுக்கத் தங்கச்சி வீட்டு அடுப்பு எப்படி எரிந்ததென்று அவளுக்குத்தான் தெரியும். இன்னொருமுறை பிடிபட்டால் பாஸ் என்ற பேச்சே இல்லை என்று சொல்லித்தான் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

அன்று காலை கடலில் பனி மூடிவிட்டது. எங்கள் பக்கத்தில் அது எப்போதாவதுதான் வரும். முன்னால் இருந்த எனக்கு, பின்னால் இஞ்சினைப் பிடித்திருந்த மச்சானே மங்கலாகத்தான் தெரிந்தார். நீரோட்டம் வேறு இழுத்தது.

"மச்சான், கொடி தாண்டிட்டமோ?"

"தெரியேல்லை. கொஞ்சம் வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ."

அப்போது சத்தம் கேட்டது. புஸ்ஸென்று ஒன்று, பிறகு மறுபக்கம் இன்னொன்று. ஏதோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. மச்சான் இஞ்சினை நிறுத்திவிட்டு எழும்பினார். நானும் எழும்பினேன். பொலித்தீன் பையில் சுற்றிய பாஸை உயர்த்தி இருவரும் கை தூக்கினோம். எந்தப் பக்கம் முகத்தைக் காட்டுவதென்று தெரியாமல் அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பார்த்து நின்றோம். "மாத்தயா, மாளு, மாளு" என்று, மீன்பிடிக்கத்தான் வந்தோம் என்பதைத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மச்சான் பனியைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அருள் நிறைந்த மரியே செபத்தில் பாதிக்கு மேல் வரவில்லை. சரியான பயம்.

சாம்பல் முதுகு ஒன்று படகோரம் எழும்பி என் முகத்தில் ஈரமாக மூச்சு விட்டது. அழுகின மீன் மணம். என் நெடுநாள் ஆசை நிறைவேறிய லட்சணம் அது. பார்த்தால் படகைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. தாயோடு ஒட்டி வந்த குட்டி, தாய் மூச்சு விட்ட கையோடு தானும் விட்டது. ஒன்று சரிந்து படுத்து ஒற்றைக் கண்ணால் எங்களை மேலும் கீழும் பார்த்தது. கை தூக்கி நிற்கும் இந்த இரண்டு பேரையும் பற்றி அது என்ன நினைத்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

"மச்சான், ஓங்கிலிட்டப் பாஸைக் காட்டிக்கொண்டு நிக்கிறம்," என்று சிரித்தபடி கையை இறக்கினேன்.

அவரும் சிரித்தார். ஆனால் கையை இறக்கவில்லை.

"இறக்குங்கோவன்."

"பொறுங்கோ. பின்னால ஆரும் வந்தாலும் வருவாங்கள்."

பனி கலைந்து கொடி கண்ணில் படும்வரை அப்படியே நின்றார். நாங்கள் எல்லைக்கு உள்ளேதான் இருந்தோம். தூக்கியே நின்றதில் அவருடைய கை மரத்து, பிறகு இஞ்சின் கயிற்றை இழுக்க ஏலவில்லை. நான்தான் இழுத்தேன்.

வீட்டில் மச்சான் எழும்பி நின்று, கையைத் தூக்கி, "மாளு, மாளு" என்று நடித்துக் காட்டினார். தங்கச்சி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இன்னும் பள்ளிக்கூடம் போகத் தொடங்காத அவர்களுடைய மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"மாமா, கை தூக்கினா ஓங்கில் வருமோ?"

"ஓம், வரும்," என்றேன் நான்.

மறுநாள் காலை நாங்கள் வலையோடு கரைக்கு வந்தபோது, அவள் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் அலையோரம் கடலைப் பார்த்து நின்றாள். இரண்டு கையும் தலைக்கு மேலே. தூரத்தில் ரோந்துப் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது.

மச்சான் வலையை மணலில் போட்டுவிட்டு ஓடினார். முழங்காலில் நின்று அவளுடைய கைகளைப் பிடித்து மெல்ல இறக்கினார்.

"ஓங்கிலுக்குக் கை தூக்கத் தேவையில்லை, பிள்ளை," என்றார். "சும்மா நிண்டு பாத்தாலே போதும்."