கலைக்கிறாங்கள் என்றார் கதிரேசண்ணை

ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை, பாரிஸுக்குப் பக்கத்தில் சென் தெனியில் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. கதிரேசண்ணையின் மனைவி. "தம்பி, அவர் போட்டார்" என்றார். "என்ன போட்டார், அக்கா?" என்று கேட்டேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். பிறகுதான் எனக்கு உறைத்தது. புதுச்சேரிக்காரனான எனக்குப் 'போட்டார்' என்றால் எதையோ கீழே போட்டார். யாழ்ப்பாணத்தாருக்கு அது 'போய்விட்டார்'. முப்பது வருடமாக பாரிஸில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் காய்கறி வாங்கியும் அந்தத் தமிழ் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. கணவனை இழந்த பெண்ணை அந்தச் செய்தியை இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டேன்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிக்கப்போகும் நீங்கள் பெரும்பாலும் அவரை ரூ லூயி-பிளாங் சாப்பாட்டுக்கடையில் பார்த்தவர்கள். கொத்துரொட்டி அடிக்கும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு உள்ளே நிற்பது கதிரேசு என்று சொல்லக்கூடியவர்கள். அந்தக் கதைகளை நீங்கள் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தது அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள்.

அவர் முன்பு கோப்பை கழுவிய பிரெஞ்சு உணவகத்தின் சமையல்காரர் ஒரு வேட்டைக்காரர். அவர்தான் இவரை வடக்கே காட்டுக்குக் கூட்டிப்போனவர். வேட்டைக்காலத்தில் துப்பாக்கிக்காரர்கள் ஒரு பக்கம் வரிசையாக நிற்க, எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரஞ்சுச் சட்டை போட்ட சிலர் கம்பால் மரங்களைத் தட்டிக்கொண்டு மான்களை விரட்டி வருவார்கள். கதிரேசண்ணை விரட்டுகிற ஆள். கூலியாகக் கிடைத்த இறைச்சியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார். ஏன் நீங்கள் சாப்பிடக்கூடாது என்று ஒருநாள் கேட்டேன். "நான் அதின்ரை முகத்தைப் பாத்தனான், பாண்டியார்" என்றார். பாண்டிச்சேரிக்காரன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் அது.

மான்களைப் பற்றி அவர் பேசினால் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும். "புரட்டாதியிலை கலைமானுக்குப் புத்தி கெட்டுப்போம். பொம்பிளையளுக்குப் பின்னாலை பட்டப்பகல்லை கத்திக்கொண்டு திரியும், சாப்பாடும் இல்லை. வெடி கேக்கத் துவங்கினாப் பிறகுதான் புத்தி வரும்." இன்னொன்றையும் அடிக்கடி சொல்வார். "சின்னன் வெருண்டு ஓடும். பெரிய கலை ஓடாது. ஆக்கள் தாண்டிப் போகுமட்டும் பத்தைக்குள்ளை படுத்துக்கிடக்கும். பிறகு எழும்பி, வந்த வழியாலை போகும்." அதனால், விரட்டுகிறவர்களுக்குப் பின்னாலும் ஓரிருவர் துப்பாக்கியோடு நிற்பார்களாம். எனக்குப் பயம் பிறவிக் குணம். இதையெல்லாம் கேட்டுவிட்டு, காட்டுப் பக்கமே போகக்கூடாது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் போனேன். எட்டு வருடத்துக்கு முன் ஒரு அக்டோபர் ஞாயிறு. என் மகள் செசிலுக்கு அப்போது பதினொரு வயது. செஸ்நட் பொறுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். காட்டு வழியில் வேட்டை நடப்பதாக ஒரு பலகை இருந்தது. நேற்றையதாக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். கொஞ்ச தூரத்தில் ஆரஞ்சுச் சட்டைகள் எங்களுக்கு முதுகு காட்டிப் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒன்று திரும்பி எங்களைப் பார்த்தது. கதிரேசண்ணை. கையை ஆட்டி, "கலைக்கிறாங்கள், கலைக்கிறாங்கள்" என்று கூப்பிட்டார்.

எங்கள் ஊரில் கூட்டத்தைக் கலைப்பார்கள், சபையைக் கலைப்பார்கள். வேட்டையைக் கலைத்துவிட்டார்கள், எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். நானும் கையை ஆட்டிவிட்டு, பிள்ளையை முன்னால் விட்டு நடந்தேன். அவர் தமிழில் கலைக்கிறது என்றால் விரட்டுவது. மானை விரட்டிக்கொண்டிருக்கிறார்கள், அசையாதே என்று அவர் சொல்லியிருக்கிறார்.

செசிலுக்குப் பத்தடி முன்னால் புதரிலிருந்து ஒரு கலைமான் எழுந்தது. அவ்வளவு பெரிய கொம்பை நான் பார்த்ததில்லை. அவர் சொன்னபடியே, ஆட்கள் தாண்டிப் போகும்வரை படுத்துக்கிடந்திருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதிரேசண்ணைதான் ஓடி வந்தார். பிள்ளையைத் தள்ளி, மேலே தானும் விழுந்தார். அதே நேரம் வெடிச்சத்தம் கேட்டது. மான் மரங்களுக்குள் போய்விட்டது. நான் மட்டும் மரம் போல நின்றுகொண்டிருந்தேன். "வெடி கேட்டால் விழுறது எனக்குப் பழக்கம்" என்று மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார். "பிள்ளைக்குப் பழக்கமில்லைத்தானே, அதுதான் தள்ளினனான்."

வரிசையை விட்டு ஓடியது வேட்டைக்காரர்களுக்குப் பெரிய குற்றம். அடுத்த வாரம் கடையில் அவரே சொன்னார்: "என்னைக் கலைச்சுப்போட்டாங்கள், பாண்டியார்." இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. என்னால்தானே அண்ணை என்றேன். "ஓம், உம்மாலைதான்" என்று சிரித்துவிட்டு ரொட்டியை வெட்டப் போனார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு செசிலுக்குக் காட்டுப் பைத்தியம் பிடித்தது. ஞாயிறானால் மான் பார்க்கப் போக வேண்டும்; சின்னவளாக இருந்தபோது என்னை இழுத்துக்கொண்டு, வளர்ந்தபின் தனியாக. சனிக்கிழமை மாலை கதிரேசண்ணை பழைய சமையல்காரரிடம் விசாரித்து, நாளை எந்தப் பக்கம் கலைக்கிறார்கள், கலைமான் எந்தப் பக்கம் திரும்பும் என்று கைபேசியில் எனக்குச் சொல்வார். எட்டு வருடத்தில் வேட்டைக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியாகப் பேசியது பிப்ரவரியில், வேட்டை முடிந்த அன்று. "இனிப் பிள்ளை எங்கையும் போகலாம்" என்றார். குரல் கம்மியிருந்தது. தடிமன், வெறும் சளிதான் என்று சமாளித்தார்.

துக்கம் விசாரிக்க லா கூர்னெவில் உள்ள அவர் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது, நோய் முற்றியதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை. "எனக்கும் ஒளிச்சுப்போட்டார், தம்பி" என்று அக்கா அழுதார். எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. என் பிள்ளைக்கு ஆபத்து எந்தப் பக்கம் என்று வாராவாரம் சொன்னவர், தன் ஆபத்தை யாரிடமும் சொல்லவில்லை. புறப்படும்போது அக்கா ஆரஞ்சுச் சட்டையை மடித்துக் கையில் தந்தார். "பிள்ளையிட்டைக் குடுக்கச் சொன்னவர்."

வேட்டை மறுபடி தொடங்கிவிட்டது. போன சனிக்கிழமை மாலை முழுவதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்காது என்று தெரியும். ஞாயிறு காலை செசில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். போகாதே என்றேன். "பப்பா, சே போன்" என்று, 'சரி விடு' என்கிற மாதிரி, பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் தமிழில் என்ன கேட்டாலும் அவள் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். பத்து மணிவரை கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன்.

கதிரேசண்ணையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவருடைய சனிக்கிழமைப் பயம். அதை இனி நான்தான் சுமக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. செசில். காட்டுக்குள்ளிருந்து கிசுகிசுப்பாகப் பேசினாள், தமிழில். எங்கள் வீட்டுத் தமிழ் அல்ல, அவருடைய தமிழ்.

"பப்பா, இஞ்சை கலைக்கிறாங்கள். நான் அசையாமல் நிக்கிறன்."