முகிலைக் கண்டு திரும்பியவள்

வேணுகா இந்தக் குளிர் தேசத்தில், பீல் நகரத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டுக்கு மேல் மாடி. வேலை நாட்களில் கடிகாரத் தொழிற்சாலையில் மயிரைவிட மெல்லிய கம்பிகளைப் பூட்டுவாள். சனிக்கிழமைகளில் கிரெஞ்சன் விமானநிலையத்தில் சின்ன விமானம் ஓட்டுவாள். சொன்னால் சிலர் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நான் அதில் ஏறி இருந்தவள்.

அவளுடைய அக்கா கோபிஷா மலைக்கு அந்தப் பக்கம், சியோனில். அவளுக்குப் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்கு, அதுதான் தீட்டு, கழித்துத் தொட்டிலில் போடவேண்டும். தன் கையால்தான் கிடத்துவேன் என்று தாய் ராஜேஸ்வரி நின்றாள்.

"விமானத்திலை எவ்வளவு நேரமடி?"

"நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட அம்மா. நாப்பது நிமிசம்."

ரயிலென்றால் இரண்டரை மணித்தியாலம். ராஜேஸ்வரி அந்த நாற்பது நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி ஐயரிடம் நல்ல நேரமும் குறித்துவிட்டாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள்.

ஏறுவதற்கு முன் வேணுகா எங்கள் எடையைக் கேட்டாள். "அறுபது" என்றாள் தாய். வேணுகா தராசைக் கொண்டுவந்து வைத்தாள். எழுபத்து நான்கு.

"விமானத்துக்குப் பொய் சொல்லக்கூடாது அம்மா."

சடங்குக்கு அவித்த மோதகச் சட்டி பாரம் கூடியதால் காரிலேயே நின்றுவிட்டது.

மேலே போனோம். பீல் ஏரி ஒரு தாம்பாளம் அளவுக்குச் சுருங்கியது. பிறகு மலைகள் வந்தன. முப்பது வருடமாக என் சன்னலால் பார்க்கிற அதே மலைகள்தான். ஆனால் கிட்டப் போனபோது அவை எனக்கு இதுவரை முகமே காட்டவில்லை என்று விளங்கியது. பனியில் ஆள் விழுங்கும் வெடிப்புகள், அவற்றுக்குள் நீல வெளிச்சம். கும்பிடக் கை தானாக எழும்பியது.

அந்த மலை முதுகில் ஒரு முகில் படுத்திருந்தது. வேணுகா ரேடியோவில் யாரோடோ கதைத்தாள். இன்னொரு தரம் பார்த்தாள்.

"அம்மா, திரும்பிறம்."

"என்னடி விசர்க்கதை? அங்கை ஐயர் பாத்துக்கொண்டிருக்கிறார்!"

"வழி மூடியிருக்கு."

"ஒரு முகில்தானே, உள்ளுக்காலை விடு!"

"முகிலுக்குள்ளை மலை இருக்கம்மா."

"நாப்பது நிமிசம் எண்டு நீதானே சொன்னனி!"

"அது வானம் விட்டால்."

தாய்க்கு மறுசொல் சொல்லாத பிள்ளை அவள். அன்றைக்குத் தாய் கத்தக் கத்த, நிதானமான கையால் விமானத்தைச் சரித்துத் திருப்பினாள். மலையைப் பார்த்து மலைத்ததைவிட அந்தக் கையைப் பார்த்து நான் மலைத்தது கூட. இதை எங்கேயும் சொல்வேன்.

கிரெஞ்சனில் இறங்கி, காரில் நின்ற மோதகச் சட்டியையும் எடுத்துக்கொண்டு ரயில் பிடித்தோம். மலைக்கு அடியால் போகிற நீளச் சுரங்கத்துக்குள் நுழையும்வரை ராஜேஸ்வரி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இருட்டு முடிகிற பாடில்லை.

"ஆச்சி, இவ்வளவும் எங்கடை தலைக்கு மேலை அந்த மலைதானோ?" என்று என்னைக் கேட்டாள் ராஜேஸ்வரி.

"ஓம். அதுக்கு மேலைதான் அந்த முகில்" என்றேன்.

அவள் மகளின் கையைத் தேடிப் பிடித்தாள். பிறகு விடவில்லை.

சியோனில், குறித்த நேரம் தப்பிவிட்டதே என்று ஐயர் முகம் சுருக்கினார். ராஜேஸ்வரி பேரனை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"என்ரை மகள் மலையிலை திருப்பினபடியாத்தான் நான் வந்து நிக்கிறன் ஐயா. வேறை நேரம் பாருங்கோ."

ஐயர் பஞ்சாங்கத்தை விரித்தார். நாங்கள் மோதகச் சட்டியைத் திறந்தோம். ரயிலில் அதை யாரும் நிறுக்கவில்லை.